ஜெர்மன் அரசுகளின் செப்புக்காசுகள்: ஊர்வாரியாக அடுக்குவதா, கணக்குவாரியாக அடுக்குவதா?

புதுச்செம்பு (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாக இந்தியச் செப்புக்காசுகளை மட்டுமே சேர்த்து வந்தேன். சென்ற மாதம் ஓர் ஏலத்தில், ‘ஜெர்மன் அரசுகள், செம்பு’ என்பதைத் தவிர வேறு குறிப்பே இல்லாத பொட்டலம் ஒன்றை எடுத்தேன். உள்ளே 43 காசுகள் இருந்தன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் ‘ஃபெனிக்’ என்ற சொல் இருக்கிறது, ஆனால் அளவும் எடையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எட்டு நாள் முயன்றும் ஓர் ஒழுங்கு பிடிபடாததால் இங்கே கேட்கிறேன்.

முதலாவது, இவற்றை எந்த முறையில் அடுக்குவது? இரண்டாவது, மூன்று வெவ்வேறு அரசுகளின் காசுகளில் ‘பி’ (B) என்ற ஒரே எழுத்து இருக்கிறதே, மூன்றும் ஒரே அக்கசாலையில் அடிக்கப்பட்டவையா? மூன்றாவது, ஒரு காசில் ‘அட்ரிபுவோ’ என்று தெளிவாகப் பொறித்திருக்கிறது. எந்த நாட்டுப் பட்டியலிலும் அப்படி ஒரு மதிப்பின் பெயரைக் காணவில்லை. இவை தவிர, ஏழெட்டுக் காசுகளில் பச்சை படர்ந்திருக்கிறது. அவற்றை இன்னும் தொடவில்லை.

அக்கசாலை:

தொடாமல் இருந்ததற்கு நன்றி. அதைப் பற்றிச் சகோதரி செம்பகம் எழுதுவார், ஆகவே நான் முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த ‘அரசுகள்’ என்ற பன்மைதான் இதில் முக்கியமானது. 1871 வரை ஜெர்மனி என்ற ஒரே நாடு கிடையாது. 1806இல் கலைக்கப்பட்ட புனித ரோமப் பேரரசுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்சிப் பகுதிகள் இருந்தன. அரசர்கள், கோமகன்கள் மட்டுமல்லாமல் ஆயர்களும் மடத்தலைவர்களும் தனி நகரங்களும்கூடக் காசு அடிக்கும் உரிமையை வைத்திருந்தார்கள். நெப்போலியனுக்குப் பிறகு அவற்றின் எண்ணிக்கை நாற்பதுக்குள் சுருங்கினாலும், ஒவ்வொன்றின் சில்லறைக் கணக்கும் தனியாகவே தொடர்ந்தது.

நான் கணக்குவாரியாகத்தான் அடுக்குகிறேன். அதற்கான காரணத்தை உங்கள் பொட்டலத்திலேயே பார்க்கலாம். பிரஷ்யாவின் ஒரு ஃபெனிக் காசு நிச்சயமாக இருக்கும், ஏனெனில் அது இல்லாத பொட்டலத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. கேடயத்தைச் சுற்றி ‘360 ஐனன் தாலர்’ என்று எழுதியிருக்கும். இதுபோன்ற 360 காசுகள் சேர்ந்தால் ஒரு வெள்ளித் தாலர் என்பது பொருள். 1821இல் பிரஷ்யா ஒரு தாலருக்கு 30 வெள்ளிக் குரோஷன், ஒரு குரோஷனுக்கு 12 ஃபெனிக் என்று கணக்கை வகுத்தபோது, அந்த விகிதத்தைக் காசின் மேலேயே பொறித்துவிட்டது. இரண்டு ஃபெனிக் காசில் 180 என்றும், மூன்றில் 120 என்றும், நான்கில் 90 என்றும் இருக்கும். செம்பின் விலை காசின் மதிப்புக்கு ஈடாகாது என்பது மக்களுக்குத் தெரியும். எத்தனை கொடுத்தால் ஒரு தாலர் ஆகும் என்ற அரசின் வாக்குறுதிதான் அந்தச் சிறு தகட்டுக்கு மதிப்புத் தந்தது. மறுபுறத்தில் காணும் ‘ஷைடமுன்ஸ்’ என்ற சொல், விலை பேசிய இருவரும் மிச்சக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள உதவும் சில்லறை என்பதைக் குறிக்கிறது.

இப்போது 1850ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அந்த ஆண்டில் ஹனோவரில் ஒரு தாலருக்கு 288 ஃபெனிக். சாக்சனியில் 300. பிரஷ்யாவில் 360. மெக்லன்பர்க்-ஷ்வெரினில் 48 ஷில்லிங்கும், ஷில்லிங்குக்கு 12 ஃபெனிக்குமாக 576. பவேரியாவிலோ தாலருக்குப் பதிலாகக் குல்டன் வழங்கியது. ஒரு குல்டனுக்கு 60 குரொய்ட்சர், ஒரு குரொய்ட்சருக்கு 4 ஃபெனிக். 1838ஆம் ஆண்டின் டிரெஸ்டன் உடன்பாட்டின்படி ஒரு தாலர் என்பது ஒன்றே முக்கால் குல்டன் ஆகையால், பவேரியாவின் ஃபெனிக் தாலருக்கு 420 வரும். ஒரே சொல், ஒரே காலம், ஐந்து மதிப்புகள். உங்கள் காசுகளின் அளவு ஒத்துப்போகாததற்கு இதுவே பெரும் காரணம்.

ஹெல்லர் என்ற பெயரும் இப்படித்தான். ஹெஸ்ஸ-காசெல் வெளியிட்ட ஹெல்லர் ஒரு தாலருக்கு 360 என்பதால் பிரஷ்யாவின் ஃபெனிக்குக்குச் சமம். பவேரியாவின் ஹெல்லரோ அந்நாட்டு ஃபெனிக்கில் பாதிதான். பெயரை வைத்து அடுக்கினால் சமமற்ற காசுகள் ஒரே வரிசையில் வந்துவிடும்.

ஆகவே தாலர் கணக்கில் வழங்கிய வடபகுதிக்கு ஒரு தட்டு, குல்டன் கணக்கில் வழங்கிய தென்பகுதிக்கு ஒரு தட்டு, வடகடலோரத்துத் தனிக் கணக்குகளுக்கு ஒரு தட்டு என்று முதலில் மூன்றாகப் பிரியுங்கள். பிரேமன் நகரம் பின்பற்றிய தாலர் தங்கத்தை அடிப்படையாகக் கொண்டது. 72 குரோட்டே ஒரு தாலர், 5 ஷ்வாரன் ஒரு குரோட்டே. அதனால்தான் அங்கே ‘இரண்டரை ஷ்வாரன்’ என்ற செப்புக்காசு உண்டு. பின்னம் போட்ட அந்த மதிப்பு முதலில் வியப்பூட்டும். அது அரை குரோட்டே என்று தெரிந்தவுடன் வியப்பு அடங்கிவிடும்.

வடகடல்:

அக்கசாலை ஐயா எழுதிய கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் அவருடைய முறையை நான் ஏற்கவில்லை. காசுகளைக் கணக்குப்படி பிரித்துவிட்டால், ஓர் அரசு எப்படித் தோன்றி எப்படி மறைந்தது என்பது தட்டில் தெரியாமல் போய்விடும்.

நான் ஹனோவரை மட்டும் சேர்க்கிறேன், அதுவும் 1814 முதல் 1866 வரை. அந்த ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் அங்கே ஐந்து அரசர்கள். முதல் மூவர் பிரிட்டனின் அரசர்களாகவும் இருந்தவர்கள். 1837இல் நான்காம் வில்லியம் இறந்தபோது, விக்டோரியா பெண் என்பதால் ஹனோவரின் மரபுச் சட்டப்படி அந்த அரியணைக்கு வர முடியவில்லை. அவருடைய சிற்றப்பா எர்னஸ்ட் ஆகஸ்ட் ஹனோவரின் அரசரானார். இந்தப் பிரிவைச் செப்புக்காசின் முடியெழுத்துகளில், அதாவது மேலே முடி வைத்துப் பின்னிய அரசரின் பெயரெழுத்துகளில், நேரே பார்க்கலாம். வில்லியமின் எழுத்துகளோடு ரோம எண்ணில் நான்கு, அடுத்து எர்னஸ்ட் ஆகஸ்டின் எழுத்துகள், அதற்கடுத்து பார்வை இழந்த அரசரான ஐந்தாம் ஜார்ஜின் எழுத்துகள். 1866 போரில் பிரஷ்யா வென்று ஹனோவரை விழுங்கியவுடன் வரிசை நின்றுவிடுகிறது.

ஐயாவின் முறையில் அடுக்கினால், தாலருக்கு 288 என்ற கணக்கில் வரும் ஹனோவர் காசுகள் ஒரு தட்டிலும், 1858 முதல் 300 என்ற கணக்கில் வந்தவை சாக்சனியோடு இன்னொரு தட்டிலும் போய்விடும். ஒரே ஜார்ஜின் முடியெழுத்து இரண்டு தட்டுகளில் கிடக்கும். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அக்கசாலை:

அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, நண்பரே. ஆனால் நீங்கள் குறையாகச் சொல்வதையே நான் இந்த முறையின் பயனாகக் கருதுகிறேன். ஐந்தாம் ஜார்ஜின் ஆட்சிக்கு நடுவில் ஃபெனிக்கின் மதிப்பு மாறியது என்பது, சந்தையில் முட்டை விற்றவருக்கு அரசரின் முடியெழுத்தைவிடப் பெரிய செய்தியாக இருந்திருக்கும்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரே அரசைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சேர்ப்பவருக்கு உங்கள் முறை பொருந்தும். 43 காசுகள் கலந்து கிடக்கும் பொட்டலத்தை முதன்முதலில் பிரிப்பவருக்கு அது பொருந்தாது, ஏனெனில் காசு எந்த அரசைச் சேர்ந்தது என்பதே அவருக்கு இன்னும் தெரியாது.

நெய்தல்நிலம்:

இருவரின் உரையாடலுக்கும் நன்றி. இரண்டாம் கேள்வியான ‘பி’ எழுத்தைப் பற்றி எழுதுகிறேன், இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

மூன்று ‘பி’யும் ஒன்றல்ல. பிரஷ்யாவின் 1820களின் காசில் உள்ள ‘பி’, இன்று போலந்தில் விரோட்சுவாஃப் என்று வழங்கும் பிரெஸ்லாவ் நகரத்து அக்கசாலையைக் குறிக்கிறது. சாக்சனியின் 1860களின் காசில் உள்ள ‘பி’ ஊரின் பெயரே அல்ல. அது டிரெஸ்டன் அக்கசாலையின் தலைவர் புஷிக் என்பவரின் பெயரெழுத்து. அவருக்கு முன்னிருந்தவரின் காலத்துக் காசுகளில் ‘எஃப்’ இருக்கும். ஹனோவரின் 1844க்குப் பிந்தைய ‘பி’யும் அவ்வாறே ப்ரூல் என்ற அக்கசாலைத் தலைவரைக் குறிக்கிறது.

1866க்குப் பிறகு ஹனோவரின் அக்கசாலை பிரஷ்யாவின் கைக்குப் போனது. பெர்லினுக்கு ‘ஏ’, ஹனோவருக்கு ‘பி’, அதே ஆண்டில் பிடிக்கப்பட்ட பிராங்ஃபுர்ட்டுக்கு ‘சி’ என்று பிரஷ்யா எழுத்து ஒதுக்கியது. எனவே 1865இல் ஹனோவர் காசில் ஒரு மனிதரைக் குறித்த எழுத்து, 1867இல் அதே ஊரில் அடித்த பிரஷ்யக் காசில் ஊரைக் குறிக்கிறது. உங்களிடம் உள்ள மூன்றின் ஆண்டுகளையும் எழுதினால் உறுதியாகச் சொல்லிவிடலாம்.

‘ஏ’ எழுத்திலும் கவனம் வேண்டும். வால்டெக், அன்ஹால்ட், ராய்ஸ் போன்ற சிற்றரசுகள் சொந்த அக்கசாலை நடத்த முடியாமல் பெர்லினில் அடித்து வாங்கிக்கொண்டன. அவற்றின் காசில் ‘ஏ’ இருப்பதைப் பார்த்துப் பிரஷ்யக் காசு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அக்கசாலை:

நெய்தல்நிலம் சொன்னதோடு கேடயச் சின்னங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேய்ந்த காசில் கைகொடுப்பவை அவைதான். சாய்ந்த இலைமாலை குறுக்கே ஓடும் கோடிட்ட கேடயம் சாக்சனியும் அதன் கிளைக் கோமகன்களும். காளைத்தலை மெக்லன்பர்க். சாவி பிரேமன். கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட விலங்கு ரோஸ்டாக் நகரம். ரோஜா லிப்ப. எட்டு முனை விண்மீன் வால்டெக். மதில்மேல் நடக்கும் கரடி அன்ஹால்ட்-பெர்ன்பர்க். பாயும் குதிரை ஹனோவருக்கும் பிரவுன்ஷ்வைக்குக்கும் பொதுவானது. 18ஆம் நூற்றாண்டில் இந்த இரு கிளைகளின் செப்புக்காசுகளிலும், வேரோடு பிடுங்கிய மரத்தைப் பிடித்து நிற்கும் காட்டுமனிதன் உருவமும் வரும். முதன்முதலாக ஒரு காட்டுமனிதக் காசைக் கையில் வாங்கிய நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

ராய்ஸ் காசு கிடைத்தால் பொறுமை தேவை. அந்தக் குடும்பத்து ஆண்கள் எல்லோருக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர். அறுபத்திரண்டாம் ஹைன்ரிஷ், அறுபத்தேழாம் ஹைன்ரிஷ் என்று எண் போய்க்கொண்டே இருக்கும். மூத்த கிளை நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், இளைய கிளை நூற்றாண்டுக்கு ஒருமுறை தொடங்கும். எண்ணை மட்டும் பார்த்துக் காலத்தை ஊகித்தால் தவறிவிடுவீர்கள்.

செம்பகம்:

பச்சையைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். தமிழில் ‘செம்பிற் களிம்பு’ என்று ஒரு வழக்கு உண்டு. உயிரோடு பிறவியிலேயே ஒட்டியிருக்கும் மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை அது. காசு சேர்ப்பவர்கள் அந்த உவமையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் களிம்பு இரண்டு வகைப்படும். அவற்றுள் ஒன்று காசுக்குப் பகை அல்ல.

வழவழப்பாக, கெட்டியாக, காசின் உடலோடு ஒட்டிய பச்சைப் படலமோ கரும்பழுப்புப் படலமோ இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இருநூறு ஆண்டுகளில் உருவான அந்தத் தோல்தான் உள்ளே இருக்கும் செம்பைக் காக்கிறது. அதை உரித்த காசுக்கு எந்தச் சேகரிப்பாளரும் மதிப்புத் தரமாட்டார். வெளிர்பச்சையாக, மாவுபோல் உதிர்ந்து, துடைத்தாலும் சில வாரங்களில் அதே புள்ளியில் மறுபடி பூக்கிறது என்றால் அது நோய். குளோரைடு உப்பு உள்ளே தங்கியிருப்பதாலும் காற்றில் ஈரம் இருப்பதாலும் அது வளர்கிறது. கடலோர ஊர்களில் வைத்திருப்போர் இதை மறக்கக் கூடாது. நோய்ப்பட்ட காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை நாள்தோறும் மாற்றி, முழுவதும் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

நம் வீடுகளில் செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. காசில் அதைச் செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளைக்கான மெருகுப் பசை ஆகிய அனைத்தும் படலத்தோடு சேர்த்து எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடும். அப்படித் தேய்த்த காசு ஆரஞ்சு நிறத்தில் மின்னும். பார்த்த கணமே தெரிந்துவிடும்.

ஒட்டிய அழுக்கை இளக்க ஆலிவ் எண்ணெயில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பல்குச்சியால் மெல்லத் தள்ளலாம், ஆனால் நிறம் சற்றுக் கருக்கக்கூடும். பழைய நெகிழி உறையிலிருந்து ஒட்டிய பிசுபிசுப்பான பச்சைக்கு மட்டும் அசிட்டோன் உதவும். பி.வி.சி. உறைகளே அந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம் ஆகையால், பொட்டலம் எந்த உறையில் வந்ததோ அதை இன்றே எறிந்துவிடுங்கள்.

மணற்கேணி:

இங்கே ஒரு சிறு ஐயம். தரங்கம்பாடியில் கிடைக்கும் செப்புக்காசுகளிலும் இப்படி முடியெழுத்து இருக்கிறதே, அவற்றை இந்த வரிசையில் சேர்க்கலாமா?

வடகடல்:

சேர்க்க முடியாது, நண்பரே. அவை டென்மார்க் அரசர்களின் காசுகள். ஆனால் நீங்கள் கண்ட ஒற்றுமை உண்மையானது. அந்த டேனிய அரசர்கள் வட ஜெர்மனியிலிருந்து வந்த ஓல்டன்பர்க் குலத்தவர்கள், முடியும் எழுத்தும் பின்னிய அதே பாணியை இரு பக்கங்களிலும் காணலாம். தரங்கம்பாடிக் காசில் முடியெழுத்தைப் பிரித்துப் படிக்கப் பழகிய கண்ணுக்கு வட ஜெர்மன் காசு சிரமம் தராது.

வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து:

நான் முன்ஸ்டர் நகருக்கு அருகில் வசிக்கிறேன், ஆகையால் இங்கே பேசப்படாத ஒரு பகுதியைச் சேர்க்க விரும்புகிறேன். எல்லோரும் 19ஆம் நூற்றாண்டிலேயே நிற்கிறீர்கள். இந்தப் பகுதியின் நகரங்களும் தேவாலயக் குழுக்களும் 16, 17ஆம் நூற்றாண்டுகளிலேயே செப்புச் சில்லறை அடித்தன. முன்ஸ்டர் பேராலயக் குழுவின் காசில் புனித பவுல் கையில் வாளோடு நிற்பார். ஆஸ்னாப்ரூக்கின் காசில் சக்கரம் இருக்கும்.

1619 முதல் 1623 வரையிலான ஆண்டுகள் தனிக் கதை. முப்பதாண்டுப் போரின் தொடக்கத்தில், ஆட்சியாளர்கள் பலர் வெள்ளியில் செம்பைக் கலந்து கலந்து, கடைசியில் வெள்ளிப் பூச்சு மட்டும் கொண்ட செப்புக்காசுகளையே வெள்ளி என்று தள்ளிவிட்டார்கள். தராசில் நிறுத்து நல்ல காசைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கெட்ட காசைப் புழக்கத்தில் விட்டவர்களை வைத்து ‘கிப்பர், விப்பர்’ காலம் என்று அதற்குப் பெயர் வந்தது. அந்த ஆண்டுகளின் நகரச் செப்புக்காசு ஒன்று, தேய்ந்து உருக்குலைந்ததாக இருந்தாலும், எனக்குப் பளபளக்கும் பத்துப் பிரஷ்யக் காசுகளைவிட மேலானது.

இந்தப் பக்கத்துப் பழம்பொருள் சந்தைகளில் அடிக்கடி தென்படுபவை ஆகன் நகரத்தின் 12 ஹெல்லரும், யூலிஷ்-பெர்க் பகுதியை ஆண்ட கார்ல் தியோடரின் முடியெழுத்துக் கொண்ட அரை ஷ்டூபர் என்ற சில்லறையும்தான். இரண்டும் எளிதில் கிடைப்பவை. ‘அரியது’ என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். நெப்போலியனின் தம்பி ஜெரோம் 1807 முதல் 1813 வரை ஆண்ட வெஸ்ட்ஃபாலியா அரசின் செப்புக்காசு கிடைத்தால் மட்டும் விடாதீர்கள். மதிப்பு சென்டிமில் இருக்கும், அதாவது பிரெஞ்சுக் கணக்கு. அக்கசாலை ஐயாவின் மூன்று தட்டுகளில் எதிலும் அது அடங்காது.

அக்கசாலை:

உண்மைதான், அதற்கு நான்காவது தட்டு வைத்திருக்கிறேன். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

நெய்தல்நிலம்:

‘அட்ரிபுவோ’வுக்கு இன்னும் விடை வரவில்லை. அது எந்த அரசின் காசும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் பிராங்ஃபுர்ட் வட்டாரத்தில் சில்லறைத் தட்டுப்பாடு இருந்தபோது, தனியார் சிலர் ஃபெனிக்கைப் போன்ற செப்புத் தகடுகளை அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். அரசரின் பெயரையோ உண்மையான மதிப்பையோ பொறித்தால் கள்ளக்காசுக் குற்றமாகிவிடும் என்பதால் ‘அட்ரிபுவோ’, ‘தெலெர்’, ‘ஹல்பாக்’ என்று பொருளற்ற சொற்களைப் போட்டார்கள். அவசரத்தில் வாங்குபவர் கண்ணுக்கு அது ஏதோ ஒரு பக்கத்து அரசின் காசாகத் தெரிந்தது. முந்நூறு அரசுகளின் சில்லறை கலந்து ஓடிய ஊரில்தான் இந்த உத்தி பலித்திருக்க முடியும். பட்டியல்களில் யூதர் பெயரை ஒட்டிய ஒரு பட்டப்பெயரில் இவை தரப்பட்டிருக்கும். அந்தப் பெயர் அக்காலத்து வெறுப்பின் எச்சம் என்பதால் என் உறைகளில் ‘பிராங்ஃபுர்ட், தனியார்’ என்றே எழுதுகிறேன்.

புதுச்செம்பு:

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். முதலில் அக்கசாலை ஐயாவின் முறைப்படி பிரித்தேன். தாலர் தட்டில் 26, குல்டன் தட்டில் 11, கடலோரத் தட்டில் 3. ஆகனின் 12 ஹெல்லர் இரண்டையும் 1800க்கு முற்பட்டவை என்று தனியே வைத்தேன். எஞ்சிய ஒன்று அட்ரிபுவோ, அதன் உறையில் நெய்தல்நிலம் எழுதும் சொற்களையே எழுதிவிட்டேன்.

‘பி’ எழுத்துக் காசுகளின் ஆண்டுகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். சாக்சனியினுடையது 1863, ஆகவே புஷிக். ஹனோவருடையது 1852, ஆகவே ப்ரூல். பிரஷ்யக் காசை பிரெஸ்லாவ் என்று நினைத்திருந்தேன், ஆனால் அதன் ஆண்டு 1870. அது ஹனோவரில் அடிக்கப்பட்டது.

செம்பகம் அக்கா சொன்னபடி நோய்ப்பட்ட இரண்டைப் பிரித்து நீரில் இட்டிருக்கிறேன். ஒன்றில் பச்சை நின்றுவிட்டது. மற்றதில் நேற்று மறுபடி ஒரு புள்ளி தெரிந்தது.

வடகடல் நண்பருக்கு ஒரு செய்தி. ஹனோவரின் 1852ஆம் ஆண்டு ஃபெனிக்கையும் பிரஷ்யாவின் 1870ஆம் ஆண்டு ஃபெனிக்கையும் மட்டும் தட்டிலிருந்து எடுத்து ஒரே உறையில் வைத்திருக்கிறேன். முன்னதன் 288 ஒரு தாலர், பின்னதன் 360 ஒரு தாலர். இரண்டும் ஒரே ஊரில் அடித்தவை.

வடகடல்:

அந்த உறையின் படத்தை இங்கே இடுங்கள். 1858க்குப் பிந்தைய ஜார்ஜின் ஃபெனிக் என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறேன். தாலருக்கு 300 என்ற கணக்கும் அந்த உறைக்குள் வரட்டும்.